கில்லார்னியில் மூன்று இரவு தங்குகிறவர்கள் எங்கே போகலாம்?

கேள்வி: செப்டம்பர் கடைசியில் அயர்லாந்து போகிறோம். எழுபதை நெருங்கும் அப்பா அம்மா, எட்டு வயது மகள், நாங்கள் இருவர். கில்லார்னியில் மூன்று இரவு. கார் ஓட்டுவதாக இல்லை. பயண முகவர் ஒரு நாள் ரிங் ஆஃப் கெர்ரி பேருந்து, இன்னொரு நாள் மோஹர் பாறைகள் என்று போட்டுக் கொடுத்திருக்கிறார். இது சரியா?

பதில்:

அந்த இரண்டு பேருந்துப் பயணங்களையும் எடுத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கார்க் நகரத்தில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் கில்லார்னிக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். என் மாமனார் மாமியார் வந்தபோது நானும் உங்கள் முகவர் சொன்ன மாதிரியே ரிங் ஆஃப் கெர்ரி டிக்கெட் எடுத்தேன். ஐவெரா தீபகற்பத்தைச் சுற்றி 179 கிலோமீட்டர் சாலை. வெயில் அடிக்கும் நாளில் அருமையான சாலைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அன்று மலையிலிருந்து கடல் வரை ஒரே மூட்டம். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தோம். திரும்பும்போது மாமியார், "நேத்து சாயங்காலம் நடந்தோமே, அந்த ஏரிக்கரைக்கே மறுபடி போயிருக்கலாமே" என்றார். அவர் சொன்னது சரி. அன்றைக்குப் பிறகு வயதானவர்களோடு வரும் யாரையும் நான் அந்தப் பேருந்தில் ஏற்றியதில்லை. மோஹர் பாறைகள் என்ற கடலோரச் செங்குத்துப் பாறைகள் இன்னும் தூரம். அது வேறு மாவட்டம், கிளேர். போக வர மட்டுமே சுமார் 5 மணி நேரம் சாலையில் போய்விடும்.

கில்லார்னியின் சிறப்பு ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. ஊர் முடிகிற இடத்திலேயே தேசியப் பூங்கா தொடங்கிவிடுகிறது. 10,000 ஹெக்டேருக்கு மேல் பரப்பு, மூன்று ஏரிகள், அவற்றைச் சுற்றிக் காடு, காட்டுக்குப் பின்னால் மலை. உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. மூன்று இரவு என்றால் உங்களுக்குக் கிடைப்பது வந்து சேரும் நாளின் பிற்பகல், இரண்டு முழு நாள், கிளம்பும் நாளின் காலை. இவ்வளவும் அந்தப் பூங்காவுக்கே போதாது.

அடுத்து மழை. அட்லாண்டிக்கிலிருந்து ஈரக்காற்று நேராக வந்து இந்த மலைகளில் முட்டுகிறது. மெக்கிலிகடி ரீக்ஸ் என்ற இந்த மலைத்தொடரில்தான் அயர்லாந்தின் மிக உயரமான சிகரம், 1,038 மீட்டர் கேரன்டூல், இருக்கிறது. காற்று மேலேறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. மரத்தண்டெல்லாம் பாசி, பாசி மேல் பெரணி, பாறைக்குப் பாறை ஓடை என்று நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்டதெல்லாம் இந்த மழை செய்ததுதான். நல்ல வேளையாக நாள் முழுக்க ஒரே மாதிரி பெய்வது குறைவு. அரை மணி நேரம் பெய்யும், வெளுக்கும், திரும்பப் பெய்யும். அதனால் எந்த நாளில் எங்கே என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். முந்தின நாள் மாலை வானிலை அறிக்கை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெளுத்த நாள் கண்டிப்பாகத் தேவைப்படுவது கேப் ஆஃப் டன்லோ என்ற மலைக்கணவாய்க்கு மட்டும்தான். மற்ற எல்லா இடங்களும் தூறலில் அழகு குறையாதவை. குடையை நம்பாதீர்கள், காற்று மடக்கிவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டையும், நீர் புகாத காலணியும் ஐந்து பேருக்கும் வேண்டும். அப்பா அம்மாவுக்கு இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். கால் நனைந்துவிட்டால் அவர்களுக்கு அன்றைய நாள் அதோடு முடிந்தது.

வந்து சேரும் நாள். டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து ரயிலில் மூன்றே கால் மணி நேரம் அளவில் ஆகும். பெரும்பாலான வண்டிகளுக்கு மாலோவில் மாற வேண்டும். கில்லார்னி நிலையம் ஊர் நடுவிலேயே இருக்கிறது. பையை வைத்துவிட்டு புனித மேரி பேராலயத்துக்கு நடந்து போங்கள். பியூஜின் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1842-ல் கட்டத் தொடங்கினார்கள். நடுவில் பெரும் பஞ்சம் வந்தது. வேலை நின்றுபோய், கூரை முடியாத கட்டடம் பசியிலும் நோயிலும் வந்தவர்களுக்கு அடைக்கலமாக இருந்தது. முன்புறத்தில் ஒரு பிரமாண்டமான மரம் நிற்கும். பஞ்சத்தில் இறந்த குழந்தைகள் புதைக்கப்பட்ட இடத்தை அது காட்டுகிறது என்கிறார்கள். உள்ளே போகாவிட்டாலும் அந்த மரத்தடியில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். இந்த நாட்டில் இவ்வளவு பசுமையைப் பார்க்கும்போது, இதே பசுமைக்கு நடுவில்தான் மக்கள் பட்டினியால் செத்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேராலயத்துக்கு எதிரிலேயே பூங்காவின் ஒரு வாசல். நாக்ரீர் என்று பெயர். கூரை வேய்ந்த சின்ன வீடு ஒன்று இருக்கும், டீனா லாட்ஜ், இப்போது தேநீர்க்கடை. அங்கிருந்து சமதளப் பாதை, நடுவில் உட்கார இருக்கைகள், ஏரி தெரியும் மேடு. அப்பா அம்மாவுக்கு இந்தப் பாதை சிரமமே தராது. நடக்க முடிந்தால் இப்படியே ராஸ் கோட்டை வரை போகலாம், முடியாவிட்டால் டாக்சி.

ராஸ் கோட்டை லாக் லீன் ஏரிக்கரையில் நிற்கிறது. மூன்று ஏரிகளில் பெரியது இதுதான். 15-ஆம் நூற்றாண்டில் ஓ'டானஹியூ குலத்தார் கட்டினார்கள். ஏரியில் கப்பல் வந்து தாக்கினால்தான் இந்தக் கோட்டை விழும் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாம். உள்நாட்டு ஏரியில் ஏது கப்பல்? 1652-ல் அயர்லாந்தின் மேல் படையெடுத்த ஆங்கிலேயத் தலைவர் கிராம்வெல்லின் தளபதி லட்லோ பெரிய படகுகளைக் கொண்டுவந்து ஏரியில் இறக்கினார். கோட்டை பணிந்தது. கிராம்வெல் படைக்குக் கடைசி வரை பணியாமல் நின்ற கோட்டைகளில் ஒன்று இது. மகளுக்கு இந்தக் கதையைக் கோட்டைக்கு வெளியே, தண்ணீரைப் பார்த்தபடி சொல்லுங்கள், நன்றாகப் பதியும்.

கோட்டையடியிலிருந்து இன்னிஸ்ஃபாலன் தீவுக்குப் படகு கிடைக்கும். கிடைத்தால் விடாதீர்கள். 7-ஆம் நூற்றாண்டில் தோன்றிய மடம், இப்போது கல் சுவர்கள்தான் மிச்சம். அங்கே இருந்த துறவிகள் தலைமுறை தலைமுறையாக ஓர் ஆண்டுக் குறிப்பேடு எழுதி வந்தார்கள். அயர்லாந்தின் ஆரம்பகால வரலாற்றுக்கு முக்கியமான சான்று அது. மூலச் சுவடி இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. லாக் லீன் என்ற பெயருக்கே 'கல்வியின் ஏரி' என்று பொருள் சொல்கிறார்கள்.

ஒரு முழு நாளை மக்ராஸுக்கு ஒதுக்குங்கள். ஊரிலிருந்து நான்கைந்து கிலோமீட்டர். இங்கே குதிரை வண்டியில் போவதுதான் முறை. ஜான்டிங் கார் என்பார்கள், ஓட்டுகிறவர் ஜார்வி. தலைமுறையாக இதைச் செய்கிற குடும்பங்கள் பல. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எத்தனை யூரோ, திரும்பக் கொண்டுவந்து விடுவாரா என்பதை ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். பேசிவிட்டால் அப்புறம் வழியெல்லாம் அவர் சொல்லும் கதைகளைக் கேட்டுக்கொண்டு நிம்மதியாக வரலாம்.

மக்ராஸ் மாளிகை 1843-ல் கட்டி முடிக்கப்பட்டது, 65 அறைகள். ஹெர்பர்ட் குடும்பத்துடையது. 1861-ல் விக்டோரியா மகாராணி இரண்டு இரவு தங்கினார். அவருக்காக வீட்டையே புதுப்பித்துப் பெருஞ்செலவு செய்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் இளவரசர் ஆல்பர்ட் இறந்துபோக, மகாராணி துக்கத்தில் ஒதுங்கிவிட்டார். இந்தக் குடும்பம் எதிர்பார்த்த கைம்மாறு எதுவும் வரவில்லை. பின்னால் கடன் முற்றி, 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது எஸ்டேட்டே கைமாறிப் போனது.

அடுத்த கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 1911-ல் கலிஃபோர்னியாவில் தங்கச் சுரங்கம் வைத்திருந்த வில்லியம் போவர்ஸ் போர்ன் இந்த இடத்தை வாங்கி, மகள் மௌடுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்தார். மௌடும் கணவர் ஆர்தர் வின்சென்டும் இங்கே வாழ்ந்தார்கள். 1929-ல் மௌட் நிமோனியாவில் இறந்துவிட்டார். மூன்று ஆண்டு கழித்து, 1932-ல், வின்சென்டும் மௌடின் பெற்றோரும் வீடு, காடு, ஏரிக்கரை எல்லாவற்றையும் அவர் நினைவாக, பிறந்து பத்தே ஆண்டு ஆகியிருந்த ஐரிஷ் சுதந்திர அரசுக்குக் கொடுத்தார்கள். ஏறத்தாழ 11,000 ஏக்கர். அயர்லாந்தின் முதல் தேசியப் பூங்கா உருவானது அப்படித்தான். இன்று நீங்களும் நானும் காசு கொடுக்காமல் அந்த ஏரிக்கரையில் நடப்பது மகளை இழந்த ஒரு குடும்பத்தின் கொடையால். மாளிகைக்குள் வழிகாட்டியோடுதான் போக முடியும், கட்டணம் உண்டு, கொடுத்துப் பார்க்கலாம். மகளுக்கு அதைவிடப் பக்கத்திலிருக்கும் பழைய பண்ணை பிடிக்கும். 1930-களில், மின்சாரம் வராத காலத்துக் கிராம வீடுகளை அப்படியே அமைத்து, அடுப்பில் ரொட்டி சுட்டுக் காட்டுகிறார்கள். கோழி, வாத்து, கழுதை எல்லாம் உண்டு.

மாளிகையிலிருந்து சற்றுத் தள்ளி மக்ராஸ் மடாலயம். 1448-ல் பிரான்சிஸ்கன் துறவிகள் நிறுவியது. கூரை போய்விட்டது, சுவர்களும் முற்றத்தைச் சுற்றிய வளைவுகளும் நிற்கின்றன. முற்றத்தின் நடுவில் யூ என்ற ஊசியிலை மரம் ஒன்று. தண்டு முறுக்கிக்கொண்டு மேலே போய், முற்றத்துக்கே கூரை போட்ட மாதிரி விரிந்திருக்கும்.

யூ மரம் என்றதும் காட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்தது காடுதான். தெற்கே உள்ள மலைகள் சிவப்பு மணற்கல். ஏரிக்கரைத் தாழ்நிலம் சுண்ணாம்புக்கல். இரண்டும் சந்திக்கும் கோடு மக்ராஸ் பக்கத்தில் போகிறது. மணற்கல் மேல் அமில மண், அங்கே ஓக் மரம். சுண்ணாம்புக்கல் மேல் மண்ணே இல்லாத மாதிரி இருக்கும், அங்கே யூ மரம் வேரைப் பாறை இடுக்கில் விட்டு நிற்கிறது. ரீனடின்னா என்ற அந்த யூ காட்டைப் போல ஐரோப்பாவிலேயே மிகச் சிலதான் மிஞ்சியிருக்கின்றன. உள்ளே போனால் நடுப்பகலிலும் அந்திப் பொழுது மாதிரி இருக்கும், தரை முழுக்கப் பாசி, காலடிச் சத்தம்கூடக் கேட்காது. மக்ராஸ் ஏரியைச் சுற்றிப் போகும் சுமார் 10 கிலோமீட்டர் பாதை இந்தப் பக்கமாகத்தான் போகிறது. நீங்கள் இருவரும் மகளும் சைக்கிள் வாடகைக்கு எடுத்துச் சுற்றலாம். பெரியவர்கள் அந்த நேரம் மாளிகைத் தோட்டத்தில் இருக்கட்டும்.

வழியில் பெரிய இலையோடு அடர்ந்த புதர் நிறையப் பார்ப்பீர்கள். அது ரோடோடென்ட்ரான். ஜூனில் ஊதாப் பூ பூத்து எல்லோரும் படம் எடுப்பார்கள். ஆனால் இந்தக் காட்டுக்கு அதுதான் எமன். வெளியிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுவந்தது, காட்டுக்குள் பரவிவிட்டது. அதன் நிழலில் ஓக் கன்று முளைக்காது. ஆண்டுக்கணக்காக வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டிக் குவித்த இடங்களைப் பார்த்தால் காட்டை அழிக்கிறார்களே என்று நினைத்துவிடாதீர்கள். 2021 ஏப்ரலில் பெரிய தீ வேறு வந்து பூங்காவில் சில ஆயிரம் ஹெக்டேர் கருகியது. அப்போது இங்கே ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் இன்னும் மறக்கவில்லை. இப்போது அந்தச் சரிவுகளில் பச்சை வந்திருக்கிறது.

அதே நாளில் டார்க் அருவியையும் பார்த்துவிடலாம். சுமார் 20 மீட்டர் உயரம், சாலையிலிருந்து 200 மீட்டர் நடை. முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் இதைத்தான் முதலில் பாருங்கள். மாலையில் டாக்சி பேசி லேடீஸ் வியூ வரை போய்விட்டு வரலாம், சுமார் 20 கிலோமீட்டர். மகாராணியின் தோழிப் பெண்கள் மயங்கி நின்ற இடம் என்று அந்தப் பெயர். மேல் ஏரியும் பள்ளத்தாக்கும் காலடியில் விரியும். ரிங் ஆஃப் கெர்ரி சாலையின் மிக அழகான துண்டுகளில் இது ஒன்று, அதற்காக 179 கிலோமீட்டர் சுற்ற வேண்டியதில்லை.

இன்னொரு முழு நாள், வெளுத்த நாள், கேப் ஆஃப் டன்லோ. பனியாறு குடைந்த கணவாய். கேட் கியர்னி குடிலில் தொடங்கி பிராண்டன் பிரபு குடில் வரை 11 கிலோமீட்டர் அளவு, நடுவில் ஐந்து சின்ன ஏரிகள். புனித பேட்ரிக் அயர்லாந்தின் கடைசிப் பாம்பை இந்த ஏரிகளில் ஒன்றில் மூழ்கடித்தார் என்று கதை. காலையில் கேட் கியர்னி குடில் வரை வண்டி, அங்கிருந்து நடை அல்லது குதிரை வண்டி, மறுமுனையில் படகு ஏறி மூன்று ஏரிகள் வழியாக ராஸ் கோட்டைக்குத் திரும்புவது. இதுதான் பழைய வழி, இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. அப்பா அம்மாவும் மகளும் குதிரை வண்டியில் வரட்டும். நீங்கள் நடந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். படகு பொதுவாக மதியம் 2 மணி வாக்கில் கிளம்பும், உங்களுக்காகக் காத்திருக்காது. இடத்தை முன்கூட்டியே பதிவு செய்வது அவசியம்.

படகைப் பற்றி அப்பா அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள். மேலே கூரை இல்லாத திறந்த படகு. ஏறி இறங்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருக்கும். பழைய வியர் பாலத்தடியில் நீர் வேகமாகப் பாயும். தண்ணீர் குறைவாக இருக்கும் நாட்களில் பயணிகளை இறக்கி, கரையில் சிறிது தூரம் நடக்கச் சொல்லிவிட்டு, படகைக் கையால் தள்ளிக் கடத்துவார்கள். முழங்கால் வலி கடுமையாக இருந்தால் படகைத் தவிர்த்துவிட்டு, கணவாயில் முதல் இரண்டு ஏரி வரை குதிரை வண்டியில் போய்த் திரும்பினாலும் போதும்.

மேல் ஏரியிலிருந்து வரும் நீண்ட கால்வாயில் ஈகிள்ஸ் நெஸ்ட் என்ற செங்குத்துப் பாறைக்குக் கீழே படகு போகும். கழுகுக் கூடு என்று அர்த்தம். 19-ஆம் நூற்றாண்டில் படகுக்காரர்கள் இங்கே கொம்பு ஊதி எதிரொலி கேட்கவைப்பார்கள். மகளைக் கத்தச் சொல்லுங்கள். பெயரில் மட்டும்தான் கழுகு இருந்தது ரொம்ப காலம். விஷம் வைத்தும் சுட்டும் வெண்வால் கழுகை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த நாட்டிலிருந்து ஒழித்துவிட்டார்கள். 2007 முதல் 2011 வரை நார்வேயிலிருந்து 100 குஞ்சுகளைக் கொண்டுவந்து இந்தப் பூங்காவில்தான் விட்டார்கள். இன்று அவை இங்கே கூடு கட்டுகின்றன. மேலே கதவுப் பலகை மாதிரி அகலமாக ஏதாவது மிதந்தால் அதுதான்.

கேரன்டூல் ஏறலாமா என்று உங்கள் இருவரில் ஒருவருக்கு ஆசை வரும். இந்தப் பயணத்தில் வேண்டாம். வழக்கமான ஏறுவழி தேய்ந்து கற்கள் உருளும் நிலையில் இருக்கிறது, மேலே மூட்டம் நிமிடத்தில் இறங்கும். மலை வேண்டும் என்றால் 535 மீட்டர் டார்க் மலை இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் போய் வரலாம், ஈரச் சதுப்பில் மரக்கட்டைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

மற்றவை சுருக்கமாக. இந்திய உணவகங்கள் ஊரில் உண்டு, சைவத்துக்குக் கவலையில்லை. தங்குமிடக் காலை உணவில் பிளாக் புட்டிங், ஒயிட் புட்டிங் என்று வைப்பார்கள், இரண்டும் பன்றி இறைச்சி, முதலாவதில் ரத்தமும் உண்டு. இனிப்பு என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். காபிக் கடைகளில் பெரும்பாலும் காகிதக் கோப்பை கிடையாது. 2023-ல் ஊரே சேர்ந்து நிறுத்திவிட்டார்கள். 2 யூரோ கட்டி வேறு கோப்பை வாங்கித் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது சொந்தக் கோப்பை கொண்டுபோங்கள். காட்டிலும் புல்லிலும் நடந்துவிட்டு வந்தால் மகளின் கால், இடுப்பு, காது மடல் பார்த்து உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது, இதை முகவர் சரியாகப் பார்த்திருக்கிறாரா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

கடைசிக் காலை. நீங்கள் வரும் நேரம் மான்களுக்கு இணைசேரும் பருவம். கில்லார்னியின் செம்மான் மந்தை அயர்லாந்தில் எஞ்சியிருக்கும் ஒரே பூர்வீக மந்தை. 1970 வாக்கில் சுமார் நூறுதான் மிச்சம் இருந்தன, காப்பாற்றிப் பெருக்கியிருக்கிறார்கள். ரயில் பத்து மணிக்கு என்றாலும் அன்று விடிவதற்குள் மகளை எழுப்பிவிடுங்கள். பேராலயத்துக்கு எதிர் வாசல் வழியாக நாக்ரீர் புல்வெளிக்குப் போய், பாதையை விட்டு இறங்காமல், நூறு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வரும், மாடு கத்துவதற்கும் புலி உறுமுவதற்கும் நடுவில் ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கொம்பு தெரியும்.